தெருமுனை ஜெபமும் மாத்திரை டப்பாவும்: ஒரு நூற்றாண்டுக் கதை

1/
கொஞ்சம் நீளமான இழை. சாவகாசமா படிங்க.

கடைத்தெருவுல நடந்து போயிட்டிருக்கீங்க. ஓரமா நாலஞ்சு நாற்காலி. பக்கத்துல "சுகம்" என்று எழுதின ஒரு பதாகை. முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து, "உடம்புக்கு ஏதாவது தொந்தரவா இருக்கா? உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கிறார். காசு கிடையாது. நீங்க என்ன மதம்னும் கேட்கலை.

உட்காருவதும் உட்காராததும் உங்க விருப்பம். ஒரு மருத்துவனா என் கேள்வி வேற: எழுந்து வீட்டுக்குப் போன பிறகு, அங்கே இருக்கிற மாத்திரை டப்பாவை என்ன செய்வீங்க?

2/
இது நான் கற்பனையா சொன்ன காட்சி இல்லை. வட அயர்லாந்துல கோல்ரெய்ன் என்று ஒரு ஊர். 2005-ல் அங்கே உள்ள ஒரு திருச்சபைக்காரங்க இப்படித்தான் தெருவில் நாற்காலி போட்டு ஆரம்பிச்சாங்க. "தெருக்களில் சுகமளித்தல்" என்பது அந்த ஊழியத்தின் பெயர். பிறகு இங்கிலாந்தின் பல ஊர்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவியது.

கடவுள் இருக்கிறாரா, ஜெபத்தைக் கேட்கிறாரா என்ற விவாதத்துக்கு நான் வரலை. அது என் ஸ்டெதஸ்கோப்புக்கு எட்டாத விஷயம். எனக்கு எட்டுற விஷயத்தை மட்டும் பேசுறேன்.

அதுக்கு நாம 1893-க்குப் போகணும்.

3/
1893. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் உலகக் கண்காட்சி. ஊரே திருவிழாக் கோலம். கண்காட்சிக்கு வர்ற கூட்டத்தைக் குறிவைத்து, பக்கத்திலேயே ஒருவர் மரத்தால் ஒரு சின்ன ஜெபக்கூடம் கட்டினார்.

அவர் பெயர் ஜான் அலெக்சாண்டர் டோவி. ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் போதகராக இருந்து, அமெரிக்காவுக்கு வந்தவர். நோயாளிகள் மேல் கைவைத்து ஜெபிப்பார். கூட்டம் பெருகியது. நோயாளிகள் தங்கி ஜெபம் பெற வீடுகளும் திறந்தார்.

ஜெபத்தோடு நின்றிருந்தால் இந்த இழையில் அவருக்கு இவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்காது.

4/
டோவிக்கு மருத்துவர்களைக் கண்டாலே ஆகாது. டாக்டர், மருந்து, பிசாசு மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தலைப்பு வைத்தே பிரசங்கம் செய்தவர். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்பது அவர் போதனை.

உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்கிறார் என்று 1895-ல் திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். அதனால் அவர் புகழ் கூடத்தான் செய்தது.

அடுத்த சில வருடங்களில் சிகாகோவுக்கு வடக்கே "சீயோன்" என்று தனக்கென ஒரு நகரத்தையே உருவாக்கினார். மது கூடாது. புகையிலை கூடாது. பன்றிக்கறி கூடாது. மருந்துக்கடையும் கூடாது.

5/
"எப்படிப்பட்ட முட்டாள்கள்!" என்று சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

1893-ல் மருத்துவத்தின் கையில் என்ன இருந்தது? மயக்க மருந்து இருந்தது. கிருமிநீக்கத்தோடு அறுவை சிகிச்சை இருந்தது. பெரியம்மைத் தடுப்பூசி இருந்தது. சரி.

எக்ஸ்ரே? 1895-ல் தான் கண்டுபிடிப்பு. ஆஸ்பிரின்? 1899-ல் தான் சந்தைக்கு வந்தது. இன்சுலின், ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, வலிப்புக்கு உருப்படியான மாத்திரை, எதுவும் கிடையாது. பேதிக்குக் கொடுக்கிறேன் என்று பாதரச மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவர் டாக்டரை விட்டுட்டு ஜெபக்கூடத்துக்குப் போனால், பல நோய்களில் அவர் இழந்தது அதிகம் இல்லை. இதை மனசுல வைங்க. பின்னாடி தேவைப்படும்.

6/
1902-ல் டோவியின் மகள் எஸ்தருக்கு ஸ்பிரிட் விளக்கு கவிழ்ந்து உடம்பெல்லாம் தீக்காயம். வயது 21. தந்தையின் ஜெபத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நியாயமா சொல்லணும்னா, அந்த அளவு தீக்காயத்துக்கு அன்றைய மருத்துவத்திடமும் பெரிய பதில் இல்லை.

1905-ல் டோவிக்கே பக்கவாதம். 1906-ல் சொந்த ஆட்களே பதவியிலிருந்து இறக்கினார்கள். 1907-ல் இறந்தார்.

7/
இப்போ அதே 1893-க்குத் திரும்ப வாங்க. ஆனா ஊர் சிகாகோ இல்லை. நம்ம நாகர்கோவில்.

இரட்சணிய சேனையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1865-ல் கிழக்கு லண்டன் சேரிகளில் வில்லியம் பூத், கேதரின் பூத் தம்பதி தொடங்கிய ஊழியம் அது. பக்கா தெரு ஊழியம். மேளம், பேண்டு வாத்தியம், முச்சந்தியில் பிரசங்கம். கல்லடி வாங்கினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். 1882-ல் இந்தியாவுக்கு வந்தார்கள்.

அந்தச் சேனையில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்று ஒரு இளைஞர். வயது இருபதுதான். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. நாகர்கோவிலில் தங்கியிருந்த இடத்தின் குளியலறையையே சின்ன மருந்தகமா மாற்றினார். கையில் இருந்த கொஞ்சம் மருந்தை வைத்து, வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டு அனுப்பினார்.

அவரும் ஜெபித்தவர்தான். மருந்தையும் கொடுத்தார்.

8/
அந்தக் குளியலறை என்ன ஆச்சு தெரியுமா?

1900-ல் பெர்சி டர்னர் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். மருந்தகம் ஆஸ்பத்திரி ஆனது. அதுதான் நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனை.

ஆண்ட்ரூஸ் பிறகு மருத்துவம் படித்து டாக்டரானார். ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். 1919 அக்டோபர் 22, வசீரிஸ்தான் மலைப்பகுதி. தாக்குதலுக்கு ஆளான ஒரு வாகன அணியில் காயப்பட்டவர்களைக் குண்டுமழைக்கு நடுவே ஒவ்வொருவராக வண்டியில் ஏற்றினார். கடைசியாகத் தானும் ஏறப்போகும்போது சுடப்பட்டு இறந்தார். பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ், இறப்புக்குப் பிறகு அவருக்கு வழங்கப்பட்டது.

9/
இதே வரிசையில் வேலூரையும் சொல்லணும். ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஜனங்களைத் தேடி, 1909 வாக்கில் ஒரு காரில் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார்கள். ஜெபமும் இருந்தது, மருந்துப் பெட்டியும் இருந்தது.

டோவியும் ஆண்ட்ரூஸும் ஐடாவும் படித்தது ஒரே பைபிள். மருந்துப் பெட்டியிடம் வரும்போதுதான் வழி பிரிந்தது.

10/
அடுத்த நிறுத்தம் 1906, லாஸ் ஏஞ்சல்ஸ், அசூசா தெரு, எண் 312. ஒருகாலத்தில் கோயிலாகவும் பிறகு குதிரை லாயமாகவும் இருந்த பழைய கட்டடம். வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் கூட்டம் நடத்துகிறார். நிறவெறி உச்சத்தில் இருந்த நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். சுகமானோம் என்றவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவரில் தொங்கின.

இன்று உலகம் முழுக்க உள்ள பெந்தெகொஸ்தே சபைகளின் வேர்களில் முக்கியமானது அந்தக் கட்டடம். முன்பின் தெரியாதவர் மேல் கைவைத்து "சுகமாகு" என்று ஜெபிக்கும் பழக்கம் இவ்வளவு பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

11/
அந்த அலையில் வந்தவர் எய்மி செம்பிள் மெக்ஃபெர்சன். கனடாக்காரர். 1915-ல் ஒரு சின்ன ஊரில் கூட்டத்துக்கு ஆளே வரலை. என்ன செய்தார் தெரியுமா? தெருமுனையில் ஒரு நாற்காலி போட்டு, மேலே ஏறி, கண்ணை மூடி, கையை உயர்த்தி அசையாமல் நின்றுவிட்டார். என்னமோ ஏதோ என்று கூட்டம் கூடியது. சட்டென்று இறங்கி ஜெபக்கூடத்துக்கு ஓடினார். கூட்டமும் பின்னாலேயே ஓடியது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லிட்டார்!

1921 ஜனவரியில் சான் டியேகோ நகரப் பூங்காவில் அவர் நடத்திய சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் எழுந்து நடந்ததாகச் செய்தி பரவியது.

12/
அதே 1921. கோடைக்காலம். கனடாவின் டொரான்டோ நகரத்தில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

1922 ஜனவரி 11. சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். சரியாக வேலை செய்யவில்லை. இன்னும் சுத்தப்படுத்தி ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அதற்கு முன் அந்த நோய் வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். அந்தப் பையன் மேலும் 13 வருடம் வாழ்ந்தான்.

அதுதான் இன்சுலின்.

13/
இந்த இழையில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், நண்பர்களே.

1893-ல் "மருந்தை விடு" என்று ஒரு போதகர் சொன்னால், பெரும்பாலும் கேட்டவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. 1922-க்குப் பிறகு அதே வார்த்தையைச் சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தையின் தாயிடம் சொன்னால் குழந்தை செத்துவிடும்.

பிறகு பென்சிலின் வந்தது. 1940-களில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின். 1996 வாக்கில் எச்.ஐ.வி-க்குக் கூட்டு மருந்து. மருத்துவம் ஒவ்வொரு படி ஏற ஏற, "மருந்தை விடு" என்ற வார்த்தையின் விலையும் ஏறியது.

ஜெபம் அப்படியேதான் இருக்கு. அந்த ஒரு வார்த்தையின் விலைதான் மாறிப்போச்சு.

14/
"அப்போ தெருவில் ஜெபம் பண்ணினதும் முதுகுவலி போச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா டாக்டர்?"

இல்லைங்க. பெரும்பாலானவர்கள் உண்மையைத்தான் சொல்றாங்க. காரணங்கள் இருக்கு.

✅ வலி என்பது அடிபட்ட இடத்தில் மட்டும் நடப்பது இல்லை, மூளையிலும் நடப்பது. 1978-ல் கடைவாய்ப்பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத வெறும் ஊசிக்கே சிலருக்கு வலி குறைந்தது. ஓபியத்தின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் மறைந்தது. அதாவது, நம்பிக்கை வந்தால் உடம்பே தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கிறது.

15/
✅ பல நோய்கள் ஏறி இறங்கும் குணம் உள்ளவை. சாதாரண முதுகுவலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, சில வகை நரம்பு நோய்கள் எல்லாம் அலை மாதிரி. ரொம்ப மோசமான நாளில்தான் மனுஷன் உதவி தேடிப் போவான். அடுத்து எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். முந்தின நாள் யாரிடம் போனோமோ அவருக்குப் பெயர் போய்ச் சேரும். டாக்டர்களான எங்களுக்கும் இப்படி ஓசியில் பெயர் கிடைப்பது உண்டு!

✅ நரம்பில் காயம் எதுவும் இல்லாமலே கை கால் செயலிழக்கும் ஒரு நிலை உண்டு. நடிப்பு இல்லை, உண்மையான நோய். சிலருக்கு அது திடீரென்று சரியாகும்.

16/
ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோன குழந்தைக்கு, நம்பிக்கை வந்தாலும் இன்சுலின் சுரக்காது. காசநோய்க் கிருமிக்கு நம் மனநிலை தெரியாது.

ஆய்வே நடந்திருக்கு. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகள். தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரு குழுக்களில், ஜெபம் பெற்றவர்களில் 52% பேருக்குச் சிக்கல். பெறாதவர்களில் 51%. "உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்" என்று சொல்லப்பட்ட குழுவில் 59%.

இது தூரத்தில் இருந்து செய்த ஜெபம். பக்கத்தில் கைவைத்துச் செய்யும் ஜெபம் வேறு என்பார்கள். 2010-ல் மொசாம்பிக் நாட்டில் அப்படி ஒரு ஆய்வும் வந்தது. பார்வையும் கேட்கும் திறனும் கூடியதாகச் சொன்னது. ஆனால் 24 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை. அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

17/
இப்போ கஷ்டமான பகுதி.

1998-ல் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. 1975 முதல் 1995 வரை, மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அதில 140 குழந்தைகளுக்கு வந்தவை, சாதாரண மருத்துவம் பார்த்திருந்தாலே 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

2011-ல் லண்டனில், ஜெபத்தில் குணமாகிவிட்டது என்று நம்பி எச்.ஐ.வி மருந்தை நிறுத்தியவர்களில் குறைந்தது 3 பேர் இறந்ததாக பிபிசி செய்தி வெளியிட்டது.

இவங்க யாரும் முட்டாள்கள் இல்லை. அந்தப் பெற்றோர் பிள்ளை மேல் பாசம் இல்லாதவர்களும் இல்லை. நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள். அதுதான் மனசை அறுக்குது.

18/
அடுத்த வருடமே, 2012-ல், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இதே விஷயம் விவாதத்துக்கு வந்தது.

பாத் என்றாலே குளியல். ரோமானியர் காலத்திலிருந்தே நோய் தீரும் என்று வெந்நீர் ஊற்றைத் தேடி ஜனங்கள் வந்த ஊர். அங்கே நம்ம தெரு ஜெபக் குழு ஒரு கைப்பிரதி கொடுத்தது. கடவுளால் குணமாக்க முடியும் என்பதோடு, முதுகுவலி, மூட்டுவாதம், ஆஸ்துமா, மனச்சோர்வு, அல்சர், பக்கவாதம் என்று நோய்ப் பட்டியலும் போட்டது.

புகார் போனது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் பிப்ரவரியில் அதற்குத் தடை சொன்னது. பொய்யான எதிர்பார்ப்பைத் தரலாம், டாக்டரிடம் போக வேண்டியவர்களைப் போகவிடாமல் செய்யலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

உடனே 3 நாடாளுமன்ற உறுப்பினர்கள், கடவுள் குணமாக்க மாட்டார் என்பதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட முடியுமா என்று ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்!

19/
இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. அந்தக் குழு டோவி மாதிரி இல்லை. ஜெபம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் கொடுப்பதாகச் சொன்னார்கள். குறிப்பிட்ட நோயைக் குணமாக்குவதாக வாக்குறுதி தரவில்லை, மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டர் பேச்சைக் கேளுங்கள் என்று அதில் இருந்தது.

நூறு வருடத்தில் தெரு ஊழியம் எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க! மனசார பாராட்டுறேன்.

ஆனாலும் ஆணையத்தின் கவலை எனக்குப் புரியுது. நோய்ப் பட்டியல் முதலில் கைக்கு வருது. எச்சரிக்கைக் கடிதம் ஜெபம் முடிந்த பிறகு வருது. பயத்தில் இருக்கிற நோயாளி மனசில் முதலில் படித்ததுதான் தங்கும்.

20/
"வெள்ளைக்காரன் நாட்டுச் சட்டம் நமக்கு எதுக்கு?" என்பவர்களுக்கு: நம்ம நாட்டில் 1954-லேயே சட்டம் இருக்கு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். புற்றுநோய், சர்க்கரை நோய், வலிப்பு, பக்கவாதம் என 54 நோய்களின் பட்டியல் அதில் உண்டு. தாயத்து, மந்திரம் முதலானவற்றால் அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம். எந்த மதத்துக்காரர் செய்தாலும் குற்றம்தான்.

21/
எங்க பக்கத்தையும் சொல்லிடுறேன்.

2017-ல் 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். சுவீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி. நம்ம ஊர் ஓ.பி. வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தெருவில் அந்த நாற்காலிக்கு முன்னால் ஒருத்தர் மண்டியிட்டு, பெயர் கேட்டு, எங்கே வலிக்குது என்று கேட்டு, பத்து நிமிஷம் முழுசா உங்களுக்கே கொடுக்கிறார். ஜனங்கள் ஏன் போறாங்கன்னு மருத்துவத் துறை யோசிக்கணும். 48 நொடியில் சீட்டு மட்டும்தான் எழுத முடியும்.

22/
சரி, இனி என்ன செய்யலாம்?

பிறருக்காக ஜெபிப்பவர்களே: தாராளமா ஜெபியுங்க. முடித்ததும், வாயால் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க: "மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரைப் பாருங்க." கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. நீங்க சொன்னா அவங்க கேட்பாங்க. சில நேரம் நாங்க சொல்றதை விட அதிகமா கேட்பாங்க.

23/
நோயாளிகளே, இந்தப் பட்டியலை வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்க.

⚠️ முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கு ஆபத்து.
⚠️ வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம்.
⚠️ நீண்டநாள் ஸ்டீராய்டை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கலாம்.
⚠️ செயற்கை இதய வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டலாம்.
⚠️ காசநோயில் ரெண்டு மாதத்தில் உடம்பு தேறியது போலத் தெரியும். அப்போ நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம்.
⚠️ மனநல மாத்திரையும் இப்படித்தான். தானாக நிறுத்தக் கூடாது.

24/
"எனக்கு உண்மையிலேயே சுகமாயிடுச்சு டாக்டர்" என்றால் சந்தோஷம். வாங்க, பரிசோதனை பண்ணிப் பார்ப்போம். சுகம் உண்மை என்றால் ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரியத்தானே செய்யும்? தெரிந்தால் மாத்திரையை நானே குறைப்பேன்.

இது அவிசுவாசம் ஆகாது. சுவிசேஷத்தில் இயேசு ஒரு தொழுநோயாளியைச் சுகமாக்கிய பிறகு என்ன சொன்னார்? ஆசாரியனிடம் போய் உடம்பைக் காட்டச் சொன்னார். அன்றைய முறைப்படி, தொழுநோய் நீங்கியதா என்று பார்த்து உறுதி சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது.

இன்னைக்கு அந்த வேலைக்கு ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. போய்க் காட்டுங்க. மாத்திரை டப்பா அதுவரைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மருந்தை நிறுத்தலாமா என்ற யோசனையில் இருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவங்களுக்கு அனுப்புங்க. 🙏